முட்டையிலிருந்து குஞ்சு வரை: கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக் கோழி வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர், பண்ருட்டி, பாகூர், வில்லியனூர் பக்கங்களில் ஐம்பது அல்லது நூறு முட்டை பிடிக்கும் சிறு இன்குபேட்டரை வீட்டிலேயே வைத்து, சிறுவிடை, பெருவிடை, அசில் போன்ற நாட்டுக்கோழி இனங்களின் முட்டைகளைப் பொரிக்க வைப்பவர்களுக்காக எழுதியது இது. "எத்தனை சதவீதம் பொரிக்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பொரித்த குஞ்சு பத்தாம் நாளிலும் ஓடியாடித் தீனி பொறுக்குமா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். தப்பான சூட்டில் வளர்ந்த கருவும் பல நேரம் பொரித்துவிடும். ஆனால் தொப்புள் மூடாமல், கால் நிற்காமல், ஒரு வாரத்துக்குள் ஒவ்வொன்றாக விழும்.

இன்குபேட்டரில் எத்தனை டிகிரி வைக்க வேண்டும்?

உள்ளே விசிறி சுழலும் பெட்டியில் 37.5 முதல் 37.7 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறக்குறைய 99.5 முதல் 99.8 ஃபாரன்ஹீட். விசிறி இல்லாத பெட்டியில் காற்று அடுக்கடுக்காக நிற்கும். மேலே சூடு, கீழே குளிர்ச்சி. அதனால் முட்டையின் மேல்மட்டத்தில் வைத்து அளந்து 101 முதல் 102 ஃபாரன்ஹீட் வரை வைக்கலாம்.

பெட்டியின் முகப்பில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மலிவான சென்சார்கள் ஒரு டிகிரி கூடவோ குறையவோ காட்டுவது சாதாரணம். வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த சென்சாரையும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் எவ்வளவோ அதைப் பெட்டியின் மேல் பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள். கண்ணாடி தெர்மாமீட்டர் என்றால் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை டிகிரி செல்சியஸ் தொடர்ந்து கூடினாலே குஞ்சு ஒரு நாள் முன்னதாகப் பொரிக்கும். உடல் சிறுத்திருக்கும், தொப்புள் சரியாக மூடியிருக்காது, மஞ்சள் கரு முழுதாக உள்ளே போயிருக்காது. கடைசி வாரத்தில் சூடு ஏறினால் குஞ்சின் இதயமும் முழு வளர்ச்சி பெறாது. சூடு குறைந்தால் பொரிப்பு தாமதமாகும். குஞ்சு வயிறு உப்பி, சோம்பலாக இருக்கும். இரண்டில் மிகைச்சூடுதான் கொடியது. சில மணி நேரம் 28 டிகிரிக்கு ஆறிப்போன கரு பிழைத்துவிடும். சில மணி நேரம் 40.5 டிகிரியைத் தாண்டிய கரு பிழைப்பது அரிது.

தெர்மோஸ்டாட் சரியாக இருந்தும் மே மாதத்தில் பெட்டி சூடேறிவிடுகிறது. ஏன்?

சிறு இன்குபேட்டருக்குச் சூடாக்கத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டால் பல்பை அணைக்க முடியும், அவ்வளவுதான். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரையின் கீழும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும் அறையே 37 டிகிரியைத் தாண்டும்போது அது என்ன செய்யும்? இதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இரண்டாம் வாரத்திலிருந்து கரு தானே வெப்பத்தை வெளியிடத் தொடங்குகிறது. பதினைந்து நாள் தாண்டிய முட்டைகள் நெருக்கமாக இருக்கும் பெட்டியில் முட்டையின் சூடு காற்றின் சூட்டைவிட அதிகமாகவே இருக்கும்.

ஓட்டு வீடு அல்லது கூரை வீட்டின் உள்ளறையில், வெயில் படாத சுவரோரமாகப் பெட்டியை வையுங்கள். அறை 35 டிகிரிக்கு மேல் போகும் வீடாக இருந்தால் மே மாதத்தில் முட்டை வைக்காமல் இருப்பதே நல்லது என்பேன். நொந்த குஞ்சுகளை வளர்க்கும் செலவைவிட ஒரு மாத ஓய்வு மலிவு.

ஈரப்பதம் 55 சதவீதம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. தண்ணீர்த் தட்டு நிறைய வைத்தும் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகின்றன.

இந்த வட்டாரத்தில் மிக அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். விடை கடற்காற்றில் இருக்கிறது.

காற்றைச் சூடாக்கினால் அதில் உள்ள நீராவியின் அளவு மாறாது, ஆனால் ஈரப்பத சதவீதம் இறங்கிவிடும். கடலூர் முதுநகரில் வெளிக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே காற்று பெட்டிக்குள் போய் 37.7 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் ஏறக்குறைய 52 சதவீதத்தில் நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்காமலே தேவையான அளவு வந்துவிட்டது. அதற்கு மேல் தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றினால் 65, 70 என்று ஏறிவிடும். முட்டையிலிருந்து வெளியேற வேண்டிய நீர் வெளியேறாது. முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறை சிறிதாகவே இருந்துவிடும். முதல் மூச்சுக்காகக் குஞ்சு அலகை நீட்டும்போது அங்கே காற்றுக்கு இடம் இருக்காது.

மார்கழி மழையில் இன்னும் ஈரம் கூடும் என்று நினைக்கிறோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 25 டிகிரி, 85 சதவீதம் உள்ள மழைக்காலக் காற்று பெட்டிக்குள் சூடாகும்போது ஏறக்குறைய 41 சதவீதமாகிவிடும். ஆகவே அப்போது சிறு கிண்ணம் தண்ணீர் தேவைப்படலாம். விருத்தாசலம் பக்கம் சித்திரை மதியத்தில் 38 டிகிரி, 30 சதவீதக் காற்று பெட்டிக்குள்ளும் ஏறக்குறைய 30 சதவீதமாகவே இருக்கும். அங்கே தண்ணீர் கட்டாயம். ஒரே மாவட்டத்துக்குள் ஒரே பெட்டிக்கு இரண்டு வழிமுறை வேண்டியிருக்கிறது. எங்கோ எழுதப்பட்ட குறிப்பை அப்படியே பின்பற்றாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் ஈரப்பதம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முட்டையை எடை போடுங்கள். இதைவிட நேர்மையான கருவி கிடையாது. ஈரப்பதமானி பொய் சொல்லலாம், தராசு சொல்லாது.

முதல் நாளிலிருந்து 18ஆம் நாள் வரை கோழிமுட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதத்தை இழக்க வேண்டும். பத்து நாட்டுக்கோழி முட்டைகளைப் பென்சிலால் குறியிட்டுச் சேர்த்து நிறுங்கள். மொத்தம் 450 கிராம் என்றால் ஏழாம் நாள் 429 கிராம் அளவிலும், 18ஆம் நாள் 391 முதல் 400 கிராமுக்குள்ளும் இருக்க வேண்டும். ஏழாம் நாள் 438 என்று காட்டினால் ஈரம் அதிகம், தண்ணீர்த் தட்டை வெளியே எடுங்கள். 418 என்றால் காய்கிறது, தண்ணீர் வையுங்கள். நகைக்கடைத் தராசு தேவையில்லை. கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும்.

நல்ல முறையில் பொரித்த குஞ்சின் எடை, வைத்தபோது முட்டை இருந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். 45 கிராம் முட்டைக்கு 30 கிராம் குஞ்சு. அதற்கு மிகவும் கீழே போனால் பெட்டிக்குள்ளேயே வறண்டிருக்கிறது என்று பொருள்.

வெயில் காலத்தில் பொரிப்பு பாதியாகக் குறைகிறது. சேவல் சரியில்லையா?

சேவலைக் குறை சொல்வதற்கு முன் முட்டையை எங்கே சேர்த்து வைத்தீர்கள் என்று பாருங்கள்.

இட்ட முட்டைக்குள் கரு ஏற்கெனவே பல ஆயிரம் உயிரணுக்களாகப் பிரிந்திருக்கும். சுற்றுச்சூடு ஏறக்குறைய 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் அது வளர்ச்சியை நிறுத்தி உறங்கும். அதற்கு மேல் போனால் அரைகுறையாக விழித்துக்கொள்ளும். நம் சமையலறைப் பரணில் மே மாதத்தில் 34 டிகிரி இருக்கும். கூடையில் ஏழெட்டு நாள் கிடக்கும் முட்டையில் கரு கொஞ்சம் வளரும், இரவில் தளரும், மறுநாள் மீண்டும் வளரும். பெட்டியில் ஏற்றுவதற்கு முன்பே அது சோர்ந்துபோயிருக்கும். மூன்றாம் நாள், நான்காம் நாள் சாகும். நீங்கள் அதைக் கூமுட்டை என்று எண்ணித் தூக்கி எறிவீர்கள்.

சேமிக்கும் இடம் 15 முதல் 18 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் இருந்தால் ஏழு நாள் வரை கவலையில்லை. அந்த வசதி எத்தனை வீட்டில் இருக்கிறது? இல்லாதவர்கள் வெயில் காலத்தில் மூன்று நாள் முட்டைக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஈர மணலில் பாதி புதைத்த மண்பானைக்குள் துணி விரித்து முட்டை வைப்பது நல்ல பழக்கம். விருத்தாசலம், திட்டக்குடி போன்ற வறண்ட பகுதிகளில் அது நன்றாகக் குளிரும். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அவ்வளவு குளிராது.

முட்டையைக் கூரான முனை கீழே இருக்கும்படி வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தால் ஒவ்வொரு நாளுக்கும் பொரிப்பு ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், சதவீதமும் குறையும்.

வெயிலில் கோழி வாயைத் திறந்து இளைக்கும்போது ஓட்டின் சுண்ணாம்பும் குறைகிறது. மெல்லிய ஓடு, அதிக நீரிழப்பு, விரிசல் எல்லாம் அங்கிருந்தே தொடங்குகின்றன. கிளிஞ்சல் தூள் நம் பக்கம் எளிதில் கிடைக்கும் பொருள். தாய்க்கோழிக்குத் தனித் தட்டில் வையுங்கள். சேவலையும் பார்க்கத்தான் வேண்டும். எட்டு முதல் பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும்.

ஃபிரிட்ஜில் வைத்த முட்டை பொரிக்குமா? கடை முட்டை?

ஃபிரிட்ஜின் உட்பகுதி 4 டிகிரி. கருவுக்கு அது கடுங்குளிர். ஓரிரு முட்டை பொரிக்கலாம், நம்பி வைக்க வேண்டாம். கடையில் வாங்கும் வெள்ளை முட்டை, சேவலே இல்லாத பண்ணையில் இட்டது. அதில் கரு இல்லை.

காராமணிக்குப்பம் சந்தையிலிருந்தும் வெளியூரிலிருந்தும் முட்டை வாங்கி பஸ்ஸில் கொண்டுவருகிறேன். உடனே வைக்கலாமா?

வேண்டாம். குலுங்கிய முட்டையில் காற்றறை இடம் பெயர்ந்திருக்கும். அகன்ற முனை மேலே இருக்கும்படி தட்டில் அடுக்கி, நிழலான இடத்தில் அரை நாளாவது அசையாமல் வையுங்கள். சந்தை முட்டையில் இட்ட தேதி தெரியாது என்பதுதான் பெரிய சிக்கல். முடிந்தவரை கோழி வளர்ப்பவரின் வீட்டிலேயே வாங்குங்கள்.

முட்டையைக் கழுவலாமா?

கூடாது. ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. கழுவினால் அது போய்விடும். குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் உள்ளே இருப்பது சுருங்கி, நுண்துளைகள் வழியே அழுக்கை உறிஞ்சும். எச்சம் ஒட்டியதை உலர்ந்த துணியால் துடையுங்கள், அதிகம் படிந்ததைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பொரிப்பகங்களில் ஃபார்மலின் புகை போடுகிறார்கள். வீட்டில் அதை முயல வேண்டாம். கண்ணையும் மூச்சையும் கெடுக்கும் நச்சு அது. முட்டை வைத்த இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை உள்ள இளங்கருவையும் கொல்லும்.

எத்தனை முறை திருப்ப வேண்டும்?

தானியங்கித் தட்டு ஒரு மணிக்கு ஒரு முறை 45 டிகிரி சாய்க்கும். கையால் என்றால் நாளுக்கு ஐந்து முறை, குறைந்தது மூன்று. ஒற்றைப்படையாக இருந்தால் நீண்ட இரவுப்பொழுதில் முட்டை தினமும் ஒரே பக்கமாகக் கிடக்காது. ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் திருப்பாமல் விட்டதைப் பிறகு ஈடுகட்ட முடியாது. கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும், இரத்தக் குழாய்கள் முழுதாகப் பரவாது. 18ஆம் நாளுக்குப் பின் திருப்பக் கூடாது.

ஏழாம் நாள் வெளிச்சத்தில் என்ன தெரிய வேண்டும்?

இருட்டறையில் செல்பேசி விளக்கை அகன்ற முனையில் ஒட்டிப் பிடியுங்கள். நடுவே ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து எல்லாப் பக்கமும் கிளைவிட்டுப் பரவும் செந்நிற இழைகள் தெரிந்தால் உயிருள்ள கரு. சில நொடி பொறுத்துப் பார்த்தால் புள்ளி அசைவது தெரியும். முழுதும் தெளிந்த மஞ்சளாக இருந்தால் கருக்கூடாதது. இழைகள் இல்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு மூன்று நாளளவில் இறந்திருக்கிறது. பெரும்பாலும் சேமிப்புச் சூடு அல்லது முதல் நாட்களின் மிகைச்சூடு காரணம். வளையம் வந்தவற்றை எண்ணிக் குறித்துவையுங்கள். சேவலையா சேமிப்பையா திருத்த வேண்டும் என்று அந்த எண்ணிக்கை சொல்லும். பழுப்பு ஓட்டு முட்டையில் தெளிவாகத் தெரியாவிட்டால் பத்தாம் நாள் மறுபடி பாருங்கள்.

மின்சாரம் போனால்?

2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலுக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும் ஊர் தண்ணீரில் தத்தளித்தது. இந்தக் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் முட்டை வைப்பவர் மாற்று வழி இல்லாமல் வைக்கக் கூடாது. சிறு பெட்டிக்கு வீட்டு இன்வெர்ட்டர் போதும்.

கருவின் வயதைப் பொறுத்துச் செய்ய வேண்டியது மாறும். முதல் பத்து நாள் முட்டை என்றால் பெட்டியைத் திறக்காமல் சாக்கும் போர்வையும் போர்த்துங்கள். மூன்று நான்கு மணி நேரம் பெரிய பாதிப்பு இல்லை, பொரிப்புதான் சற்றுத் தாமதமாகும். 15 நாள் தாண்டியிருந்தால் அதே போர்வை மூச்சை அடைக்கும். அந்த முட்டைகள் தாமே சூடு தருகின்றன, பிராணவாயு கேட்கின்றன. மூடியை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள், சூடு குறையத் தொடங்கியதும் மூடுங்கள். மின்சாரம் திரும்பியதும் இழந்த சூட்டைப் பிடிக்கிறேன் என்று டிகிரியை ஏற்றிவிடாதீர்கள்.

கடைசி மூன்று நாள் என்ன செய்ய வேண்டும்?

திருப்புவதை நிறுத்துங்கள், ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு உயர்த்துங்கள். இப்போதுதான் தண்ணீர்த் தட்டுக்கு உண்மையான வேலை. ஈரத்தைக் காப்பதற்காகக் காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். முழு வளர்ச்சி பெற்ற குஞ்சு நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கும் நாட்கள் இவை. துளையை அடைத்துப் பெட்டியைத் திறக்காமலும் வைத்தால், எல்லாம் சரியாக வளர்ந்த குஞ்சுகள் கடைசி நாளில் மொத்தமாகச் சாகும். துளையைத் திறந்தே வைத்து, தண்ணீரின் பரப்பைக் கூட்டுங்கள். ஈரத் துணியோ பஞ்சோ தட்டில் போட்டால் பரப்பு கூடும்.

ஓட்டில் துளையிட்டுவிட்டது, வெளியே வரவில்லை. உதவலாமா?

துளையிட்டபின் 12 முதல் 24 மணி நேரம் ஆவது இயல்பு. அந்த நேரத்தில் சவ்வில் ஓடும் இரத்தம் உடலுக்குள் திரும்புகிறது, மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு சாகும். ஒரு நாள் முழுதும் கடந்தும் நகரவில்லை, சவ்வு காகிதம்போல் காய்ந்து ஒட்டியிருக்கிறது என்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஈரப்படுத்தி, துளையைச் சுற்றிக் கொஞ்சம் மட்டும் விலக்குங்கள். இரத்தம் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அப்படிக் காப்பாற்றிய குஞ்சை இனப்பெருக்கத்துக்கு வைக்க வேண்டாம்.

பொரிக்காத முட்டைகளை என்ன செய்வது?

எறிவதற்கு முன் உடைத்துப் பாருங்கள். நாற்றம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். வேறு எந்தப் பாடமும் இவ்வளவு தெளிவாகக் கற்றுத்தராது. வீட்டுக்கு வெளியே, கையுறை போட்டு, அகன்ற முனையிலிருந்து மெதுவாகத் திறவுங்கள். காற்றறை எவ்வளவு பெரிது என்று முதலில் பாருங்கள். முழுக் குஞ்சு, காற்றறை சிறிது, உடல் நீர்கோத்து வீங்கியிருக்கிறது என்றால் ஈரம் அதிகமாகிவிட்டது. காற்றறை பெரிது, குஞ்சு சிறுத்து இறகு சவ்வோடு ஒட்டியிருக்கிறது என்றால் வறட்சி. தலை கூரான முனைப் பக்கம் இருந்தால் முட்டையைத் தலைகீழாக அடுக்கியிருக்கலாம். மஞ்சள் கரு வெளியே தொங்கினால் சூடு. இறகு முடிச்சு முடிச்சாகச் சுருண்டு, கால்விரல் மடங்கியிருந்தால் பெட்டியில் தவறில்லை. தாய்க்கோழிக்குப் பி2 உயிர்ச்சத்துப் போதவில்லை. பச்சைக்கீரையும் சரிவிகிதத் தீவனமும் கொடுங்கள்.

நல்ல குஞ்சு என்று எப்படி அடையாளம் காண்பது?

மல்லாக்கப் படுக்க வையுங்கள். இரண்டு மூன்று நொடியில் புரண்டு எழ வேண்டும். பிறகு வயிற்றைத் திருப்பித் தொப்புளைப் பாருங்கள். தழும்பே தெரியாமல் மூடியிருந்தால் நல்லது. கருத்த பொட்டோ காய்ந்த நூலோ இருந்தால் கிருமி நுழைய வழி இருக்கிறது. முதல் வாரத்தில் வயிறு நீலம்பாய்ந்து நாறிச் சாகும் குஞ்சுகள் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகக் கிருமி ஏறியவை. கணுக்கால் சிவந்திருந்தால் ஓட்டை உடைக்க அதிகம் போராடியிருக்கிறது. கண் வட்டமாகப் பளிச்சென்று இருக்க வேண்டும், வயிறு மெத்தென்று இருக்க வேண்டும், உப்பியிருக்கக் கூடாது. குஞ்சு வாங்கச் செல்பவர்களும் இதையெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தே வாங்குங்கள்.

அடைக்கோழி நல்லதா, இன்குபேட்டரா?

பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு அடைக்கோழியை மிஞ்சிய பெட்டி இன்னும் வரவில்லை. அது தன் வயிற்றுச் சூட்டைக் கொடுக்கிறது, ஒரு நாளில் பலமுறை முட்டையைப் புரட்டுகிறது, தீனிக்கு இறங்கும்போது முட்டை சற்று ஆறுகிறது. கூடையில் மணலுக்கு மேல் வைக்கோலும் வேப்பிலையும் போட்டுச் செல் பூச்சி ஏறாமல் பாருங்கள். ஐம்பது முட்டைக்கு மேல் என்றால் பெட்டிதான் வழி.

இடி இடித்தால் முட்டை கலங்கிவிடும் என்று கூடையில் கரியும் இரும்பும் மிளகாயும் போடுகிறார்களே?

பெரியவர்கள் முட்டையின் மேல் வைத்த அக்கறை அது. போடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் இடிச் சத்தம் கருவைக் கொல்வதில்லை. கோடை இடி இறங்கும் சித்திரை, வைகாசியில் கெட்ட முட்டைகளுக்கு முன்பே நாம் பார்த்த சேமிப்புச் சூடு காரணமாக இருக்கும். இடி மழையோடு போகும் மின்சாரமும் காரணமாக இருக்கும்.

சூட்டைக் குறைத்தால் பெட்டைக்குஞ்சு அதிகம் பொரிக்குமா? கூரான முட்டையில் சேவல் வருமா?

இரண்டும் இல்லை. கோழியினத்தில் குஞ்சின் பாலைத் தாயின் சினைமுட்டை தீர்மானிக்கிறது. இடும்போதே அது முடிவாகிவிட்டது.

வாத்து, காடைக்கும் இதே முறையா?

காடைக்கு 17 அல்லது 18 நாள், வாத்துக்கு 28, மணிலா வாத்துக்கு 35. சூடு ஏறக்குறைய இதேதான். வாத்துமுட்டைக்கு ஈரம் சற்றுக் கூடுதலாக வேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து நாளுக்கு ஒரு முறை சில நிமிடம் ஆறவிட்டு, வெதுவெதுப்பான நீர் தெளிப்பது வழக்கம்.

பொரித்த குஞ்சை எப்போது வெளியே எடுக்க வேண்டும்?

உடல் காய்ந்து, பிடரி மட்டும் லேசாக ஈரமாக இருக்கும்போது. முற்றும் காயட்டும் என்று நாள் முழுதும் உள்ளேயே விட்டால் வறண்டுபோகும். வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும் என்பது உண்மைதான். அதற்காகக் காக்க வைக்க வேண்டாம், சீக்கிரம் தண்ணீரும் தீனியும் கண்ட குஞ்சு நன்றாகத் தேறும். முதல் வாரம் புரூடரில், அதாவது குஞ்சுகளுக்குச் சூடு கொடுத்து வளர்க்கும் இடத்தில், 95 ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு ஐந்து குறையுங்கள். ஏழாம் நாளுக்குள் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துச் சொட்டு போட வேண்டும். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். தொடர்ந்து குஞ்சுகள் இறந்தால், இறந்து சில மணி நேரத்துக்குள் ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுபோய்ச் சோதிக்கச் சொல்லுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. போகும்போது எடைக் குறிப்பு, சூட்டுக் குறிப்பு, பொரித்த தேதி எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.